காப்பு யாருக்கு? வேடமும் பகடையும் புண்படும் மனங்களும்

1

“இது என்னப்பா, சகுனி கையில இருந்த கட்டையாட்டம் இருக்கு?” என்றார் வாத்தியார். என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த இருபது முகப் பகடையை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர். இப்போது முட்டி வலி. பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், சித்திரை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு நடந்த பேச்சு இது.

அந்தப் பகடை எந்த விளையாட்டுக்குரியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை உருவாக்கி வெளியிட்டார்கள். ஒரு மேசை, நாலைந்து பேர். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. கதைசொல்லி ஒரு சூழலை விவரித்துவிட்டு, ‘இப்ப நீ என்ன பண்ணப்போற?’ என்று கேட்பார். பாத்திரமாக நின்று பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அரிதாரம் இல்லை, மேடை இல்லை, தனியாகப் பார்வையாளர் என்று யாரும் இல்லை. வேடம் மட்டும் உண்டு. கட்டியக்காரனை உட்காரவைத்துக் கூத்தை அவன் வாயால் மட்டும் நடத்தினால் எப்படி இருக்குமோ அப்படி என்று வாத்தியாருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அக்கா மகனும் சிநேகிதர்களும் இந்த விளையாட்டுக்குச் சொந்தமாக ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். “எத்தனை நாளைக்கு மாமா வெள்ளைக்காரன் கோட்டையையே சுத்திச் சுத்தி வர்றது? நம்ம ஊர்ல இல்லாத கதையா?” கூவாகம், அரவான் களப்பலி, கல்வராயன் மலை எல்லாம் அதில் வருகிறது. எழுத எழுதச் சிக்கல். சாமி விஷயம், யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் கேஸ் ஆகிவிடும் என்றான் ஒருவன். திருநங்கைகளைத் தப்பாகக் காட்டிவிட்டால் அது அதைவிட அசிங்கம் என்றாள் ஒரு பெண். எல்லாப் பேரையும் மாற்றிவிடலாமா என்றான் மூன்றாமவன். “மரபையும் விடக்கூடாது, யாரையும் ஒதுக்கவும் கூடாது, யார் மனசும் புண்படவும் கூடாது. ஒரு பேலன்ஸ் வேணும் மாமா” என்று என்னிடம் வந்து நின்றான் அக்கா மகன்.

இந்தச் சமநிலை என்ற சொல்லாடலைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ஒரு தட்டில் ‘மரபு’, இன்னொரு தட்டில் ‘எல்லோரையும் சேர்த்துக்கொள்வது’. இரண்டும் முன்கூட்டியே முழுமையடைந்த பொருட்கள் போலவும், நாம் செய்ய வேண்டியது எடைபார்ப்பது மட்டுமே போலவும் ஒரு பாவனை. தராசுக்குத் தட்டு இரண்டு இருக்கலாம். பிடித்திருக்கிற கை ஒன்றுதான். அந்தக் கை யாருடையது என்ற கேள்வியைத் தட்டுகள் மறைத்துவிடுகின்றன.

திருவிழா என்றால் முதலில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துண்டு கோத்த அந்தக் கயிறு கட்டியவரைக் காக்கும், கட்டுப்படுத்தவும் செய்யும். வேடம் புனையும் எந்தச் செயலுக்கும் ஒரு காப்பு தேவைப்படுகிறது என்பதை ஏற்றுக்கொள்வோம். அது யாருக்காகக் கட்டப்படுகிறது என்பதே என் கேள்வி.

2

கம்பெனிகள் கட்டிக்கொள்ளும் காப்பிலிருந்து தொடங்கலாம்.

1980-இல் அந்த விளையாட்டின் நிறுவனம் தெய்வங்களுக்கென்றே ஒரு நூலை வெளியிட்டது. கிரேக்க, எகிப்தியக் கடவுளரோடு நம்முடைய இந்திரன், விஷ்ணு, காளியும் அதில் உண்டு. ஒவ்வொரு தெய்வத்துக்கும் எண்கள்: எத்தனை அடி தாங்கும், கவசத்தின் வலு என்ன என்று. காளியை வீழ்த்த எவ்வளவு அடி தேவை என்பது அட்டவணையில் இருந்தது. அந்த மேசையில் காளியைக் கும்பிடுகிற ஒருவர் உட்கார வாய்ப்பே இல்லை என்ற அனுமானத்தின் மேல் எழுதப்பட்ட அட்டவணை அது. அதே 1980களில் அமெரிக்கக் கிறித்தவக் குழுக்கள் சில இது பேய் வழிபாடு, பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரும் பிரச்சாரம் செய்தன. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பிசாசு, சாத்தான் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் கைவிடப்பட்டன. அந்த உயிரினங்கள் பிறகு வேறு பெயரில் திரும்பி வந்தன. ஆக, பக்கத்து வீட்டுக்காரரின் மனம் புண்பட்டால் சொல் மாறும். கடல் கடந்தவரின் தெய்வம் அட்டவணையாகவே இருக்கும்.

பிறகு காலம் மாறியது. கீழைநாடுகளைக் கலந்து கட்டி 1985-இல் வந்த நூல் உட்படப் பழைய வெளியீடுகளுக்கு 2020-இல் ஒரு எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள். 2022-இல் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களே எழுதிய சாகசத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அதில் வங்கச் சாயல் கொண்ட நிலத்தை எழுதியவர் கல்கத்தாவில் பிறந்த தலித் எழுத்தாளர் மிமி மொண்டல். 2024-ஆம் ஆண்டின் விதிநூலில் ‘இனம்’ என்ற பொருள்தரும் சொல்லை எடுத்துவிட்டு ‘உயிரினவகை’ என்று போட்டார்கள். இவை தானாக நடந்தவையல்ல. ஆடியவர்கள் கேள்வி கேட்டதால் நடந்தவை. ஆகவே இவற்றை இளக்காரமாகப் பேசுவதற்கில்லை. ஆனால் எச்சரிக்கை வாசகமும் சொல் மாற்றமும் முதலில் காப்பது விற்பவரைத்தான் என்பதையும் மறப்பதற்கில்லை.

இந்தியக் கதை இன்னும் சுவாரசியமானது. 2008-இல் ‘ஃபால்அவுட் 3’ என்ற கணினி வேட விளையாட்டைப் பண்பாட்டு உணர்வுகளைக் கருதி இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்த உணர்வு என்று விளக்கவில்லை. அந்த விளையாட்டில் இரண்டு தலை கொண்ட மாட்டுக்கு ‘பிராமின்’ என்று பெயர், அதுதான் காரணமாக இருக்கும் என்று ஊகித்தார்கள். ஊகம் சரியோ தவறோ, அந்தக் காரணத்தை எல்லோரும் உடனே நம்பினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சரக்கே கடைக்கு வராமல் நிற்கிற அளவுக்குக் கணக்கில் எடுக்கப்படும் மனம் எது, கணக்கிலேயே வராத மனம் எது என்பது நம் எல்லோருக்கும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

தமிழில் இதற்கு நெருங்கிய வழக்கு ‘மாதொருபாகன்’. 2010-இல் வெளிவந்த நாவலுக்கு 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கோயில் திருவிழாவைப் புனைவாக்கியதுதான் குற்றம். புண்பட்டதாக எழுந்த குரலில் பக்தியின் குரல் எவ்வளவு, சாதியின் குரல் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். முன்பு 295ஏ என்றும், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 299 என்றும் எண் மாறியிருக்கிற பிரிவு இந்தப் பிரித்தலைச் செய்வதில்லை. புண்பட்டதாகச் சொல்பவர் யார் என்று அது கேட்பதில்லை.

‘சரி, அப்ப மத உணர்வுன்னு சொல்றதே பித்தலாட்டம், கண்டுக்க வேணாம்’ என்று முடித்துவிடலாமா? நம்மில் பலர் அப்படித்தான் முடிக்கிறோம். பகுத்தறிவு இயக்கத்தின் பிள்ளைகள் நாம். அந்த அவசரம் எனக்கும் உண்டு. ஆனால் என் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். கூலிவேலை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது வேண்டிக்கொண்டு, வருஷாவருஷம் கூவாகம் போய்த் தாலி கட்டிக்கொண்டு வருகிற ஆம்பிளை. அவருடைய சாமியை அட்டவணையாக்கினால் அவருக்கு வலிக்கும். அந்த வலிக்கு எந்தச் சங்கமும் கிடையாது, எந்தச் சட்டப் பிரிவும் நினைவுக்கு வராது. அமைப்பாகத் திரண்ட புண்ணையும் வாய்திறக்காத புண்ணையும் ஒரே பெயரால் அழைப்பது அதிகாரத்துக்கு மட்டுமே வசதி. அவரிடம் கடைசியில் வருகிறேன்.

3

வாத்தியாரிடம் இதையெல்லாம் என் பாஷையில் சொன்னபோது அவர் வேறொன்றைச் சொன்னார். “துகிலுரிதல் அன்னிக்கு, கற்பூரம் ஏத்தாம சேலையில கை வைக்கமாட்டோம்.”

கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துச்சாதனன் வேடக்காரர் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் எரியும். அம்மனைக் கும்பிட்டு, இது வேஷம், தாயே பொறுத்துக்கொள் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிறகுதான் தொடருவார். சில நேரம் ஆடுகிறவர்களுக்கே அருள் வந்துவிடும். அவர்களைப் பிடித்து உட்காரவைக்க ஆட்கள் தயாராக நிற்பார்கள்.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று இன்றைய மேசை விளையாட்டில் இருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை கிடக்கும். கதை போகிற போக்கு யாருக்காவது தாங்கமுடியாமல் போனால் அந்த அட்டையைத் தொட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு நகர வேண்டும்.

இரண்டும் வெவ்வேறு தர்க்கம். அட்டை காட்சியை நீக்குகிறது. கற்பூரம் காட்சியை நீக்குவதில்லை, அதைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு போடுகிறது. கொடுமையைக் காட்டாமல் விட்டால் பாரதமே இல்லை. ஆனால் வேடம் வேறு, ஆள் வேறு என்பதைச் சபையறியச் சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குப் பெருமை பொங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பாருங்கள், அமெரிக்கக்காரன் இப்போது கண்டுபிடித்ததை நம் கூத்து எப்போதோ செய்து வைத்திருக்கிறது! 80களில் நவீன நாடகக்காரர்கள் கூத்தைக் கண்டுபிடித்தபோது பொங்கிய அதே பெருமை.

அன்றைக்குத் திண்ணையில் என் தோழி ஒருவரும் இருந்தார். திருநங்கை. பல வருஷமாக இயக்க வேலைகளில் கூட நிற்பவர். அவர் ஒரே கேள்வியில் என் பெருமையை இறக்கிவைத்தார்.

“அந்தக் கற்பூரம் யாருக்குண்ணே? அம்மனுக்கு. சேலை கட்டிக்கிட்டு அங்க நின்ன ஆளுக்கு என்ன ஏத்துனீங்க?”

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒண்ணும் ஏத்தலம்மா” என்றார். பெண் வேஷம் கட்டுகிற ஆண்களை ராத்திரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விடிந்ததும் கடைத்தெருவில் கேலி பேசுகிற ஊர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். மேடையில் பெண்ணுக்கே இடமில்லாமல்தான் திரௌபதியின் கதை காலங்காலமாக ஆடப்பட்டு வந்தது என்பதும் தெரியும். மரபின் காப்பு வேடத்துக்குள் இறங்கிவரும் தெய்வத்தைக் காத்தது. வேடம் போட்ட உடம்பைக் காக்கவில்லை. அட்டையோ ஆடுகிற உடம்பைக் காக்கிறது. தெய்வம் அதற்கு ஒரு பொருட்டில்லை. இதில் எது உயர்ந்தது என்று நான் கேட்கவில்லை. காப்பின் முகவரி எது என்று பார்க்கத் தொடங்கினால் ‘மரபா, சமத்துவமா’ என்ற பட்டிமன்றம் கலைந்துபோகிறது என்றுதான் சொல்கிறேன்.

4

கூவாகம் 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது அதோடு வந்த ஊர். உளுந்தூர்பேட்டை வட்டம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, அரவானாகிய கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் தாலியறுத்து வளையல் உடைத்து வெள்ளைச் சேலை கட்டும் திருவிழா உலகம் முழுக்கத் தெரிந்ததாகிவிட்டது. அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது.

வியாச பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படுகிறான், அவ்வளவுதான். களப்பலிக் கதை நமக்குக் கிடைப்பது தமிழில் 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில். பிறகு வில்லிபுத்தூராரும் சொல்கிறார். மோகினி வடிவெடுத்த கிருஷ்ணனோடு ஒருநாள் கல்யாணம் என்பது இந்தப் பகுதியின் வாய்மொழியும் கூத்தும் சடங்கும் சேர்ந்து வளர்த்தது. அதாவது, ஏட்டில் இல்லாத ஒரு காட்சியை மக்கள் சேர்த்து ஆடியிருக்கிறார்கள். சேர்த்த காட்சிதான் இன்றைக்கு மரபு. ‘மரபை மாற்றாதே’ என்று சொல்பவர்களுக்கு நாம் வேறெங்கும் போய் ஆதாரம் தேட வேண்டாம்.

இன்னொன்று. அங்கே தாலி கட்டிக்கொள்பவர்கள் திருநங்கைகள் மட்டுமல்லர். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மீசை வைத்த ஆம்பிளைகளும் வேண்டுதலுக்காகக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு ராத்திரிக்குப் பெண்ணாக இருப்பது அங்கே எல்லோருக்கும் திறந்த வேடம். ஆனால் தாலியறுத்துக் குளித்து முடித்ததும் அந்த ஆம்பிளை பழையபடி குடும்பத்தலைவன். திருநங்கைக்கு வேடத்திலிருந்து திரும்பிப்போக அப்படியொரு வீடு இருப்பதில்லை. ஒரே சடங்கு, ஒரே மஞ்சக் கயிறு, விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. உள்ளே சேர்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விலை வித்தியாசத்தைப் பேசாமல் கூவாகத்தை ‘அந்தக் காலத்திலேயே நம்ம மரபு எல்லோரையும் ஏத்துக்கிச்சு’ என்பதற்குச் சான்றாக நீட்டும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏற்றுக்கொண்டது ஒரு ராத்திரிக்கு. அதுவும் மனைவியாக. அடுத்த நாள் விதவையாக.

பெயரின் கதையும் இதைத்தான் சொல்கிறது. ‘அரவாணி’ என்ற சொல் வசைச் சொற்களிலிருந்து விடுதலையாக வந்தது. 2008-இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தபோதும் அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. ஆனால் ஒரு புராணப் பாத்திரத்தின் ஒருநாள் மனைவி என்ற அடையாளத்தில் எத்தனை நாள் குடியிருப்பது? இஸ்லாத்திலும் கிறித்தவத்திலும் பிறந்தவர்கள் எங்கே போவது? ‘திருநங்கை’ என்ற சொல் நிலைபெற்றது. 2014 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. புராணம் தந்த வேடத்திலிருந்து குடியுரிமைக்கு நகர்ந்த தூரம் அது.

அக்கா மகன் தோழியிடம், “அக்கா, கதையில மோகினி பாத்திரம் ரொம்ப மரியாதையா எழுதியிருக்கேன். நீங்கதான் ஆடணும்” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

“தம்பி, நான் எங்க போனாலும் என்னை மோகினியாவே ஆடச் சொல்றாங்க. உன் விளையாட்டுல திருடன்னு ஒருத்தன் இருக்கானாமே, அதை எனக்குக் குடு. ராஜா கஜானாவை அடிக்கணும்” என்றார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் ஒரு கோட்பாட்டு நூல் சொல்லக்கூடியதை விட அதிகம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. விளிம்பிலிருப்பவரை அவருடைய விளிம்பின் பிரதிநிதியாக மட்டுமே மேசைக்கு அழைப்பது இன்னொரு வகை ஒதுக்கல். வேடம் என்பதன் விடுதலையே நான் அல்லாத ஒன்றாக இருந்து பார்ப்பதுதான். அந்த விடுதலை மற்ற எல்லோருக்கும் இயல்பாகக் கிடைக்க, இவருக்கு மட்டும் ‘உன் வேடம் நீதான்’ என்று மரியாதையோடு கொடுக்கப்படுகிறது.

5

மலைக்கு வருவோம். மேசையில் ஐந்தாவதாக ஒரு பையன் இருந்தான். வெள்ளிமலைப் பக்கம். கள்ளக்குறிச்சியில் தங்கிப் படிக்கிறான். அக்கா மகன் பாத்திர வகைகளை வாசித்துக்கொண்டே வந்தான். காட்டை அறிந்தவன், தடம் பார்ப்பவன், வில்லாளி: அதற்கு விளையாட்டில் ‘ரேஞ்சர்’ என்று பெயர். “இது உனக்கு செட்டாகும்டா” என்றான். பையன் சிரித்தான். “ரேஞ்சர்னா எங்க ஊர்ல விளையாட்டு இல்லண்ணா.”

இந்த வகை விளையாட்டுகளின் நிலப்படத்தைப் பாருங்கள். சமவெளியில் ராஜ்யம், சந்தை, கோயில். மலையிலும் குகையிலும் அரக்கர்கள். சமவெளியிலிருந்து புறப்பட்டு மலையேறிக் கொன்று புதையலோடு இறங்கிவருவது சாகசம். ஒவ்வோர் இனத்துக்கும் பிறவிக் குணம் எண்ணாகத் தரப்பட்டிருந்தது: இவ்வினத்துக்கு வலு கூடுதல், அறிவு குறைவு என்று. 2020-க்குப் பிறகுதான் அந்த எண்களை ஆடுபவர் இடம்மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலில் சாதிவாரியாக மூக்கின் அளவு உண்டு. கற்பனை உலகின் அட்டவணையும் காலனிய அறிவின் அட்டவணையும் ஒரே ஆசையில் பிறந்தவை. மனிதக் கூட்டங்களுக்கு நிலையான எண் கொடுத்துவிட்டால் ஆள்வது சுலபம்.

கல்வராயன் மலைக்காரர்களின் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் கதை. அதாவது ‘ஆதிவாசி’ என்றால் காலம்காலமாக அசையாமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் என்ற சமவெளிக் கற்பனைக்கு அவர்களுடைய சொந்த வரலாற்றுணர்வே மறுப்பு. ஜாகீர்தார்கள் கையிலிருந்த மலை 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, பத்திரிகைகள் மலையை நோக்கிக் கேமராவைத் திருப்பின. அதற்கடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்த பிறகுதான் சாலையும் ஆஸ்பத்திரியும் பேசுபொருளாயின. ஊர் நடுவில் நடந்த சாவுக்கும் அரக்கன் மலையில்தான் இருக்க வேண்டும் என்ற அதே நிலப்படம்.

பாரதத்தையும் இந்தக் கண்ணோடு வாசிக்கலாம். 32 லட்சணமும் பொருந்தியவர்கள் மூன்று பேர்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவரும் போருக்கு வேண்டியவர்கள். பலிக்குப் போகிறவன் நாகப் பெண்ணின் பிள்ளை. கர்ணன் அர்ச்சுனனுக்காக வைத்திருந்த வேலைத் தாங்கிச் சாகிறவன் காட்டு அரக்கி இடும்பியின் பிள்ளை கடோற்கசன். அபிமன்யுவும்தானே செத்தான் என்பீர்கள். செத்தான். அவன் மகனுக்குப் பட்டம் கிடைத்தது.

6

கடைசியில் என்னதான் முடிவெடுத்தீர்கள் என்று கேட்கலாம். வாத்தியார் ஒன்றே ஒன்று சொன்னார். “பாரதத்துல எல்லாக் கேடும் ஒரு உருட்டுலதான் ஆரம்பிக்குது. பொண்டாட்டியையே வச்சு உருட்டுனானுங்க. நீங்க எதை வேணாலும் உருட்டுங்க. அரவான் சாவை மட்டும் கட்டைக்கு விடாதீங்க. அது அவனாக் குடுத்தது.”

மத உணர்வை மதிப்பது என்றால் என்ன என்பதற்கு நான் கேட்டதிலேயே துல்லியமான விளக்கம் இது. தொடாதே என்று அவர் சொல்லவில்லை. எதைத் தொடுகிறோம் என்று தெரிந்து தொடச் சொன்னார். பெயரை மாற்று, அடிக்குறிப்புப் போடு என்றெல்லாம் இல்லை. அந்தக் கதையின் உயிர் சம்மதத்தில் இருக்கிறது, தற்செயலில் இல்லை. ஆகவே விதியை மாற்று என்றார். தோழி அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார்: “அவனாக் குடுத்தானா, குடுக்க வச்சாங்களா?” இருவரும் சொன்னதைச் சேர்த்துத்தான் பிள்ளைகள் விதி எழுதினார்கள். அரவானாக ஆடுபவரைக் கதைசொல்லி மூன்று முறை கேட்க வேண்டும். மாட்டேன் என்று சொன்னாலும் கதை தொடர வேண்டும். பலி இல்லாத பாரதப் போர் எப்படி இருக்கும் என்பதை மேசையிலிருப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும். பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றையும் நடுவில் வைத்தார்கள். மரபையும் சமத்துவத்தையும் எடைபோட்டு எடுத்த சமரசம் என்று இதைச் சொல்லமாட்டேன். வேடத்துக்கு அதிக விலை கொடுக்கிறவர் மேசையில் இருந்ததால் பிறந்த விதி.

மலைப் பையன் என்ன பாத்திரம் எடுத்தான் தெரியுமா? கணக்குப்பிள்ளை. விளையாட்டில் அப்படியொரு வகையே கிடையாது. “பட்டா எழுதறவன் நான்தான். என்னைக் கேக்காம எந்த ராஜாவும் எந்த மலையையும் யாருக்கும் குடுக்க முடியாது” என்றான். புதிதாக ஒரு வகை சேர்த்தார்கள்.

இங்கேயே முடித்திருந்தால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் ஒன்று பாக்கி.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, நான் முன்பு சொன்ன அந்தத் தெருக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். கூவாகம் போக இன்னும் சில நாள்தான் இருந்தது அவருக்கு. “என்ன தம்பி, தாயமா?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை. நான்தான், “ஆமாண்ணே, சும்மா பிள்ளைங்க விளையாட்டு” என்றேன். அக்கா மகன் அரவான் படம் போட்டிருந்த தாளைத் திருப்பி வைத்தான். அவர் கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

யாரையும் ஒதுக்கக்கூடாது என்று எழுதிய விதிகள் மேசைமேல் இருந்தன. திருநங்கைக்கு நாற்காலி இருந்தது, மலைப் பையனுக்கு இருந்தது. அந்தச் சாமியை உண்மையிலேயே கும்பிடுகிற ஒருவருக்கு மட்டும் நாங்கள் நாற்காலி போடவில்லை. அவர் கோபப்படுவார் என்று பயந்தோமா, இல்லை அவருக்குப் புரியாது என்று நாங்களாகவே முடிவுகட்டிவிட்டோமா? இரண்டாவதுதான் என்றால் அது 1980-இல் காளிக்கு எண் போட்டவர்களின் அனுமானத்திலிருந்து எவ்வளவு தூரம்? அந்த அட்டவணைக்காரர்களுக்காவது காளியைக் கும்பிடுபவர் கண்ணில் படவில்லை. எங்களுக்குப் பட்டார். தாளைத் திருப்பி வைத்தோம்.

அவர் கூவாகம் போய்த் திரும்பி வந்துவிட்டார். இன்னும் நான் அவரிடம் பேசவில்லை. பேச வேண்டும்.